அண்ணன் தம்பி போர்டின் மறுபாதி

செண்பகவல்லி அம்மன் துணை.

யய்யா, சாப்பிட்டாயா, பிள்ளைக்குச் சளி விட்டதா என்பதையெல்லாம் போனில் கேட்டாயிற்று. அதனால் இந்தத் தாளில் அவற்றுக்கு இடம் ஒதுக்கவில்லை. இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நடுவில் ஆபீஸிலிருந்து உனக்கு வேறு அழைப்பு வரும், நானும் "வையி, அப்புறம் பேசுதேன்" என்று விட்டுவிடுவேன். அப்படி விட்டுவிட்ட பேச்சுகள் நம் வீட்டில் நிறைய. இது அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் நீ ஒரு படம் அனுப்பினாய். பழைய ஊர்ப் படங்களைத் தேடிச் சேர்த்துப் போடுகிற யாரோ ஒருவருடைய பக்கத்தில் கிடைத்தது என்றாய். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு கேட், கேட்டுக்கு மேலே வளைவாக இரும்பில் ஒரு போர்டு, கீழே சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட வந்து நிற்கிற மாட்டுவண்டி. "அம்மா, இது நம்ம பட்டறைதானே? அந்த எழுத்தைப் பாருங்கம்மா. பெயிண்ட்ல எழுதல, இரும்பையே எழுத்தா வளைச்சிருக்காங்க. புள்ளியெல்லாம் அந்தரத்துல நிக்குது. எப்படிம்மா நிக்குது?" என்று குரலாக அனுப்பியிருந்தாய். உன் அப்பா போன பிறகு உன் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. அதற்காகவே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த போர்டு இருந்தால் புனேயில் கட்டுகிற புது வீட்டு கேட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் படத்தைக் கொடுத்து மெஷினில் அதே மாதிரி வெட்டச் சொல்கிறேன் என்றும் கேட்டிருந்தாய். நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. அதற்கு முன் நான் ஓரிடத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. போய்வந்துவிட்டேன்.

அது நம் பட்டறைதான். போர்டில் மேல் வரியில் "அண்ணன் தம்பி", கீழ் வரியில் "இரும்புப் பட்டறை". நடுவில் ஒரு குத்துவிளக்கு, இரண்டு ஓரத்திலும் வெடித்த பருத்திக்காய் ஒவ்வொன்று. அண்ணன் உன் அப்பா, தம்பி உன் சித்தப்பா. தேய்ந்து கழற்றிப்போட்ட வண்டிச் சக்கரப் பட்டாக்களை உலையில் போட்டு வளைத்துத்தான் அத்தனை எழுத்தையும் செய்தார்கள். வெல்டிங் ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. எல்லாம் ஆணி அடித்து இறுக்கியது. உன் அப்பா எழுத்தை வளைப்பார், உன் சித்தப்பா ஓரத்து வேலைப்பாட்டைச் செய்வார். நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது போர்டு கேட்டின் மேல் ஏறிவிட்டது. உன் அப்பாவைவிட அந்த போர்டைத்தான் நான் முதலில் பழகினேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

ஆனால் நான் அதைப் பழகியது பின்பக்கமிருந்து. உனக்கு நினைவிருக்காது, அப்போது வீடு பட்டறைக்கு உள்ளே, கேட்டைப் பார்த்து இருந்தது. தெருவில் போகிறவர்களுக்குப் பெயராகத் தெரிந்தது எனக்கு அடுக்களை ஜன்னலிலிருந்து வெறும் வளைவும் நெளிவுமாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் பசுவந்தனைக்கு அந்தப்பக்கம் கரிசல் காட்டில் பருத்தி எடுக்கப் போன பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது, எழுத்து ஏது? கேட் கிழக்கே பார்த்தது. காலையில் வெயில் ஏறும்போது போர்டின் நிழல் முற்றத்தில் எழுத்தெழுத்தாக விழும். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத் திரும்பும்போது, கேட்டுக்கு அடியில் தெருவுக்கு முதுகு காட்டி நின்று பார்த்தால், அது நேராகப் படிக்கிற மாதிரி கிடக்கும். கையில் மிச்சமிருக்கிற கோலமாவால் அந்த நிழலின் மேல் இழுத்துப் பார்ப்பேன். இழுத்து முடிப்பதற்குள் வெயில் நகர்ந்து எழுத்து என் மாவை விட்டுப் போய்விடும். மறுநாள் மறுபடியும் இழுப்பேன். ஒருநாள் உன் சித்தப்பா பல்குச்சியோடு வந்து பார்த்துவிட்டார். மீசை முளைத்தும் முளைக்காத வயது அவருக்கு.

"மதினி, அது 'ண்'. ஒரு சுழியை விட்டுட்டியளே. இப்படி எழுதினா எங்க அண்ணன் பாதியிலயே நிப்பாரு" என்றார்.

உள்ளேயிருந்து உன் அப்பா, "ஏலே, உனக்கே நாலு எழுத்துதான் தெரியும். அதுல அவளுக்கு ரெண்டு கொடுத்துட்டா நீ என்னத்த வெச்சுப் பிழைப்ப?" என்றார்.

இன்று நான் வரவு செலவு எழுதுகிறேன், கந்த சஷ்டிக்குப் புத்தகம் பார்த்துப் பாடுகிறேன், உனக்கு இத்தனை பக்கம் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடி அந்த நிழல்தான். புள்ளி எப்படி அந்தரத்தில் நிற்கிறது என்று கேட்டாய் அல்லவா? முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு மெல்லிய கம்பி உண்டு. கறுப்படித்து, எழுத்தின் முதுகிலிருந்து வளைந்து போய்ப் புள்ளியைத் தாங்கிக்கொண்டிருக்கும். பின்பக்கத்தில் குடியிருந்தவள் என்பதால் எனக்குத் தெரியும்.

இனி, நீ கேட்காததைச் சொல்கிறேன். உனக்கு ஒரு சித்தப்பா உண்டு என்று தெரியும், இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை என்றும் தெரியும். ஏன் என்று நீ கேட்டதில்லை, நாங்கள் சொன்னதும் இல்லை. சொத்துத் தகராறு என்று நீயாக நினைத்திருப்பாய். ஊரே அப்படித்தான் நினைத்தது. அது இல்லை.

உன் ஆச்சி சித்திரை வெயிலில் ஒரு காலையில் இறந்துபோனார்கள். நீ அப்போது தவழ்கிற பிள்ளை. தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். கொள்ளி வைப்பதற்கு நம் பக்கத்து வழக்கம் அது. இளையவர் தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்துக்கு கேட் மாட்டப் போயிருந்தார். கையில் போன் வைத்திருக்கிற காலமில்லை. ஆள் விட்டார்கள். போன ஆள் வேறொரு உப்பளத்தில் தேடிவிட்டு வந்து, "ஆளக் காணும்" என்றான். வெயில் தாங்காது, பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் நெருக்கினார்கள். உன் அப்பா கேட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் தெருவை எட்டிப் பார்த்தார். கடைசியில் அவரே கொள்ளிச் சட்டியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சாம்பல் அள்ளக் கிளம்புகிற நேரத்துக்கு உன் சித்தப்பா வந்து இறங்கினார். கையில் மக்ரூன் பொட்டலம். உன் ஆச்சிக்குப் பல் போனபிறகு வாயில் போட்டால் கரைகிற அந்த ஒன்றுதான் பிடிக்கும், தூத்துக்குடி போனால் வாங்காமல் வரமாட்டார். வாசலில் சாணம் தெளித்திருந்ததைப் பார்த்தார், எல்லோருடைய தலையும் ஈரமாக இருந்ததைப் பார்த்தார். பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். அழவில்லை.

"தாய்க்கு இளையவன்தான வைக்கணும்? எனக்காக ஒரு ராத்திரி வெச்சிருக்கக் கூடாதா அண்ணே?" என்று கேட்டார்.

உன் அப்பா அந்த நேரத்தில் என்ன சொல்லியிருந்தாலும் போதும். வாடா என்று கட்டிக்கொண்டிருந்தால் போதும். ஒன்றும் பேசாமல் நின்றிருந்தால்கூடப் போதும். முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல், அழுகையை அடக்கிக்கொண்டிருந்தவர் வாயிலிருந்து, "எவன் வெச்சா என்னலே? நெருப்பு நெருப்புதான்" என்று வந்துவிட்டது. உலை நெருப்பிலேயே வளர்ந்த மனிதர். தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளத்தான் அதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். கேட்டவருக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

பங்கு பிரித்தார்கள். பட்டறைக்கல், துருத்தி, இடம் எல்லாம் இரண்டாயிற்று. போர்டு மட்டும் கேட்டின் மேல் இருந்தது. "அது எதுக்குலே, அது நின்னுட்டுப் போகட்டும்" என்றார் உன் அப்பா. "அண்ணன் தம்பின்னு எழுதியிருக்கே, பொய்யில்லையா அது? அறுங்க" என்றார் உன் சித்தப்பா. பெரியவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏணியில் ஏறி உன் அப்பாவே அறுத்தார். குத்துவிளக்கின் நட்டநடுவில் ரம்பம் இறங்கியது. "அண்ணன் இரும்புப்" என்று ஒரு பாதி நமக்கு, "தம்பி பட்டறை" என்று மறுபாதி அவருக்கு. மறுநாள் காலையில் நான் கோலம் போட்டுவிட்டுத் திரும்பினேன். முற்றம் முழுவதும் எழுத்தில்லாத வெயில் கிடந்தது.

நம் பாதி பின்கட்டில்தான் இருக்கிறது. தலைகீழாகச் சாத்திச் சாக்குப் போட்டிருப்போம். நீ பள்ளிக்கூட யூனிபார்மை அதன் மேல் காயப் போட்டிருக்கிறாய். அது எழுத்து என்று உனக்குத் தெரியாது. அவர் பாதியை அவர் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். உன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டார்.

இப்போது நம் சாஸ்தா கோயிலை நினைத்துப் பார். பங்குனி உத்திரத்துக்கு வருஷம் தவறாமல் போவோம். நாம் காலையில் போவோம், அவர்கள் குடும்பம் சாயந்திரம் வரும். யாரும் பேசி வைக்கவில்லை, பூசாரியே அப்படி ஆக்கிவிட்டார். பேச்சியம்மன் சன்னதியில் ஆள் உயரத்துக்கு ஒரு சூலம் நிற்குமே, உன் அப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்து நல்லெண்ணெயில் நனைத்து அதை அடியிலிருந்து நுனி வரைக்கும் துடைப்பாரே, நினைவிருக்கிறதா? மற்றவர்கள் பொங்கல் பானையைச் சுற்றி நிற்கும்போது அவர் மட்டும் அங்கே குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். "அதுக்குத்தான் பூசாரி இருக்காரேப்பா" என்று நீ ஒரு தடவை கேட்டாய். "துருப் பிடிச்சிரும்லே" என்றார். நானும் ஒவ்வொரு வருஷமும் அதற்குச் சந்தனம் அப்பி, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி, சிவப்புப் பட்டுச் சுற்றி, உன் பரீட்சைக்கும் உன் கல்யாணத்துக்கும் உன் பிள்ளைக்கும் அதன் முன்னால்தான் விழுந்து கும்பிட்டேன். யாரோ புண்ணியவான் நேர்ந்துகொண்டு வைத்தது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

நீ படம் அனுப்பினாய். நீ சொல்லிக்கொடுத்தபடி இரண்டு விரலால் விரித்து விரித்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். அண்ணனைப் பார்த்தேன், விளக்கைப் பார்த்தேன், தம்பியைப் பார்த்தேன். வலது ஓரத்துப் பருத்திக்காய்க்கு வந்தேன். வெடித்த காய்க்கு நாலு இதழ் விரிந்திருக்க வேண்டும். இடது ஓரத்தில் விரிந்திருக்கிறது. வலது ஓரத்தில் மூன்று விரிந்து, நாலாவது உள்ளே மடிந்திருந்தது. தகடு போதாமல் போனதா, கை தவறியதா, தெரியாது. எனக்கு அந்த மடிப்பைத் தெரியும் யய்யா. கண்ணால் அல்ல, விரலால். சூலத்தின் கழுத்தில், பட்டுத்துணிக்குக் கீழே, சந்தனம் அப்பும்போது என் பெருவிரல் வருஷா வருஷம் போய் அடைகிற பள்ளம் அது.

போனைக் கீழே வைத்தேன். எனக்கு இத்தனை வருஷம் தெரியவில்லை. உன் அப்பாவுக்கு? அந்தக் காயைத் தம்பி அடிக்கும்போது பக்கத்தில் நின்று துருத்தி ஊதியவருக்கு? முதல் வருஷமே தெரிந்திருக்கும்.

ஸ்டுடியோவில் கொடுத்துப் படத்தைப் பெரிதாகப் போட்டு வாங்கிக்கொண்டேன். உன் அப்பா போய் வருஷம் முடியாதவள் ஒரு வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தேன். உன் சித்தப்பா படுக்கையில் கிடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன், நோயாளியைப் பார்க்கப் போகலாம் என்று மனசு சொன்னது. ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் தெருவில்தான் உன் சித்தப்பா இருக்கிறார். சித்தி இறந்து வெகுநாளாயிற்று. மகள் செல்வி தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டு அவரைப் பார்த்துக்கொள்கிறாள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தவர், போதும், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். செல்வி என்னை வாசலில் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகம் வீங்கி, கை மட்டும் குச்சியாய்.

"யாரு?"

"நான்தான் தம்பி."

"மதினியா? என்ன, பஸ்ஸு வழி தப்பி வந்துட்டா?"

"யப்பா, வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிராத. நீங்க உக்காருங்க பெரியம்மா" என்றாள் செல்வி.

"நீ சும்மா இருட்டி. மதினிகிட்ட கேலி பேசி எத்தன நாளாச்சு" என்றார்.

நான் படத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார், நான் அன்றைக்கு நிழலின் மேல் மாவு இழுத்த மாதிரி.

"இந்தப் புள்ளிக்கு அண்ணன் என்ன பாடு படுத்துனாரு தெரியுமா? நான் சொன்னேன், எழுத்தோட ஒட்ட வெச்சுரலாம்ணே, யாரு பாக்கப்போறான்னு. முடியாதுலே, புள்ளின்னா தனியா நிக்கணும், ஆனா விழக்கூடாதுன்னாரு. மூணு தடவ பிரிச்சு அடிச்சோம்." சிரித்தார், இருமினார். "யாரு கொடுத்தா இத?"

"உங்க அண்ணன் மகன் அனுப்பினான். நெட்டுல கெடந்துச்சாம்."

"எம் மகன்னு சொல்லுங்க மதினி."

இதே மாதிரி உன் புது வீட்டு கேட்டுக்குச் செய்யப்போகிறாய் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"ஒத்தப் பிள்ளை வீட்டு வாசல்ல அண்ணன் தம்பின்னு எழுதி வெச்சா எவன் நம்புவான்? செய்யட்டும், செய்யட்டும். ஆனா அந்த மடிஞ்ச காய மடிச்சே வெட்டச் சொல்லுங்க. நேராக்கிறப் போறான்."

அப்போதுதான் கேட்டேன். "பேச்சியம்மன் சூலம் நீங்க வெச்சதா தம்பி?"

செல்வி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது.

"அம்மைக்குத்தான் என் கை நெருப்பு இல்லாமப் போச்சு. அவளா நெனச்சுப் பேச்சிக்கு வெச்சேன். என் பாதிய முழுசா உலையில போட்டு அடிச்சேன். பருத்திக்காய அடிக்க மட்டும் மனசு வரல, அப்படியே கழுத்துல மாட்டிட்டேன்" என்றார்.

"உங்க அண்ணனுக்கு அது தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும் மதினி."

"எப்படி?"

"நான் சாயந்திரம்லா போவேன். எண்ணெய் வழிஞ்சுகிட்டு இருக்கும். மடிப்புக்குள்ள வரைக்கும் துணிய விட்டுத் தொடச்சிருக்கும். பூசாரிக்கு அதெல்லாம் தெரியுமா? ஒரு வருசம் காய்க்குக் கீழ ஆணி ஆடிச்சு. அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்னு வந்துட்டேன். அடுத்த வருசம் போனா புது ஆணி அடிச்சிருக்கு. அடியப் பாத்தாப் போதாதா? அண்ணன் அடி." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அதுக்கப்புறம் நான் அதத் தொடைக்கிறதே இல்ல. அவரு தொடச்சத ஒரு தடவ தொட்டுக் கும்பிட்டுட்டு வந்துருவேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. படத்தை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்: "இந்த வருசம் காஞ்சு கெடந்துச்சு மதினி. அதத்தான் தாங்க முடியல."

உன் அப்பா ஐப்பசியில் போனார். சாவு விழுந்த வருஷம் குலதெய்வக் கோயிலுக்குப் போகக் கூடாது என்று நாம் பங்குனிக்குப் போகவில்லை. சரியான வழக்கம்தான். ஆனால் அங்கே, சாவு சொல்லாத வீட்டுக்கு அந்த வழக்கம் இல்லை என்று ஒருவர் சாயந்திரம் போய், சூலம் காய்ந்து கிடப்பதைத் தொட்டுப் பார்த்துத்தான், தன் அண்ணன் செத்ததை முழுசாகத் தெரிந்துகொண்டிருக்கிறார். அப்பாவை எடுத்த அன்று, எதிர்ச் சாரியில் மருந்துக்கடைச் சுவரோரம், மேல்சட்டை இல்லாமல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு வயசாளி நின்றாரே, "யாரும்மா அது?" என்று நீ கேட்டாய். நான் வாய் திறக்கவில்லை. துட்டி சொல்ல, சாவுச் சேதி சொல்ல, ஆள் அனுப்ப வேண்டிய வீடு அது. "பேசுறதே இல்லையேம்மா, எதுக்கு?" என்று நீ சொன்னாய், நான் சரி என்றேன். சொல்லாத சாவுக்குள் எப்படி வருவார்? சுடுகாடு வரைக்கும் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார் என்று செல்வி சொல்லித்தான் தெரியும்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. உன் அப்பா நல்லவர் என்று உனக்குத் தெரியும். எனக்கு அதைவிடத் தெரியும். ஆனால் ஒரு நல்ல மனிதர் ஒரு சூலத்தைத் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டார். கோயிலிலிருந்து தம்பி வீட்டுக்கு எவ்வளவு தூரம்? மினிபஸ் ஏறினால் பேச்சு முடிவதற்குள் வந்துவிடும். எண்ணெயிட்டுத் துடைக்கத் தெரிந்த கைக்கு ஒரு கதவைத் தட்டத் தெரியவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று மீதியை அடுத்த பக்கத்துக்கு எழுதிக்கொண்டே போனார். புத்தகம் முடிந்துவிட்டது. மீதி இப்போது உன் பக்கத்தில் நிற்கிறது. நீயும் உன் பெண்டாட்டியும் ஏதோ சடைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருக்கிறீர்கள் என்று பேத்தி எனக்குச் சொல்லுகிறாள். நான் தலையிடமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். மனசுக்குள்ளே மன்னித்துவிட்டேன் என்பதும், ஜாடையாகக் காட்டிவிட்டேன் என்பதும் நமக்குப் போதும். எதிரே இருப்பவர் சாகிற வரைக்கும் அது அவருக்குப் போதாது.

ஆகவே, போர்டைப் பற்றி என் பதில் இது. நம் பாதியை நான் சாக்கை எடுத்துவிட்டு நிமிர்த்திப் பார்க்க நினைத்தேன், முடியவில்லை. ஒரு ஆள் தூக்குகிற பாரம் இல்லை அது. நீ வந்தால், நீ ஒரு பக்கமும் செல்வி ஒரு பக்கமும் பிடிக்கலாம். அதைப் புனேக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பது என் விருப்பம். வருஷம் கழிந்ததும் பேச்சியம்மன் சன்னதியில் சூலத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிடலாம். உன் வீட்டுக்கு மெஷினில் வெட்டிக்கொள், அதுவும் அழகாகத்தான் இருக்கும். உன் சித்தப்பா சொன்ன மாதிரி அந்தக் காயை மடித்தே வெட்டச் சொல்.

திவசத்துக்கு ஐப்பசியில் வருகிறேன் என்கிறாய். ஐப்பசி வரைக்கும் அவர் இருக்கமாட்டார் யய்யா. இந்த வாரமோ அடுத்த வாரமோ வா. வந்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு அவர் வீட்டுக்குப் போய், சித்தப்பா என்று கூப்பிட்டு, புது வீட்டுப் பால் காய்ப்புக்கு அழை. அவரால் வர முடியாது என்று உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் அழை. நாம் இன்னும் கோயிலுக்குள் போக முடியாது, செல்வி போகலாமா கூடாதா என்று பூசாரியிடம் கேட்டேன், அவளும் பங்காளி வீட்டுப் பிள்ளைதான் என்று தலையைச் சொறிந்தார். நான் பேச்சியிடமே கேட்டுக்கொண்டேன். வெளியே நின்று கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் சூலம் இருக்கிறது. காரில் அவரை மெதுவாகக் கூட்டிப்போய், அவர் பார்க்கும்படி நீ ஒரு தடவை துடைத்துவிடு. அவருக்குக் கொள்ளி வைக்க உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதே. அதை நான் கேட்டபோது, "எம் மக வைப்பா, எவன் கேக்கான் பாப்போம்" என்று சொல்லிவிட்டார். நெருப்புக்கு ஆள் இருக்கிறது. நான் உன்னைக் கூப்பிடுவது எண்ணெய்க்கு.

நான் கிளம்பும்போது கட்டிலிலிருந்து கேட்டார், "வருவானா மதினி?" என்று.

வருவான் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இத்தனை வருஷம் கணக்கு எழுதிய கை, கைக்கு வராததை வரவில் எழுதாது. "கேட்டு எழுதுதேன் தம்பி" என்றுதான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், அந்தப் படத்தைத் திருப்பித் தரவில்லை.

செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். உன் அப்பாவின் துண்டு பின்கட்டுக் கொடியில், அவர் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. வாசலில் உன் செருப்புச் சத்தம் கேட்டபிறகு எடுக்கிறேன்.

உன்
அம்மா